ஐந்து நிமிடம், நாலு கேள்வி

புதன்கிழமை மூன்று மணிக்குச் சிறையிலிருந்து போன் வரும். லாண்டரிக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, காயப்போட்ட ஹோட்டல் விரிப்புகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். லாரி விபத்து ஒன்றில் சிக்கி உள்ளே போன புருஷனுக்கு இன்னும் பதினாலு மாதம் பாக்கி.

அந்த போனுக்கு ஆகிற செலவைச் சொன்னால் வயிறு எரியும். ஐந்து நிமிடம் பேசினால் அவளுடைய அரை நாள் கூலி காலி. அதனால் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கேள்விகளை நம்பர் போட்டு அவள் கடிதத்தில் எழுதிவிடுவாள். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு, போனில் கடகடவென்று வாசிப்பான். பதிலை எழுதி அனுப்பலாம்தான். ஆனால் அவன் கோழிக் கிறுக்கலை யார் படிப்பது? கொஞ்சல் குலாவல் எல்லாம் தண்டச் செலவு என்று தள்ளியாயிற்று.

இந்த வாரம் நாலாவது கேள்வியை எழுத மட்டும் அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ‘கட்டணம் மறுபடி ஏறிவிட்டது. இனி மாதம் ஒரு தடவை பேசினால் போதுமா?’ போதும் என்று சொல்லித் தொலைக்கப் போகிறானே என்று பயம்.

போன் வந்தது.

“ரெடியா மேனேஜரம்மா?”

“சொல்லுங்க.”

“ஒண்ணு, சரி. ரெண்டு, அவன்கிட்ட குடுக்காத, ஏமாத்திடுவான். மூணு, வித்துடு.”

“என்னது?”

“வந்த விலைக்குத் தள்ளிடு. காலு வேற ஆடுது. வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?”

மூன்றாவது கேள்வி, அவன் அம்மா இங்கே வந்து தங்க ஆசைப்படுகிறாள், கூட்டி வரட்டுமா என்பது.

“உங்கம்மாவையா விக்கச் சொல்றீங்க?”

“அடிப்பாவி! நான் கட்டிலைச் சொல்றேன்!”

“கட்டில் போன வாரத்து லெட்டருங்க!”

காகிதம் சரசரத்தது. “அட, ஆமா. அவசரத்துல பழசை எடுத்துட்டு வந்துட்டேன். புதுசு தலையணைக்கு அடியில இருக்கு.”

“ரெண்டு நிமிஷம் போச்சு. நல்லா சம்பாதிச்சுக் குடுக்கறீங்க!” என்று பொரிந்தவள், குரலை இறக்கினாள். “அப்ப நாலாவது?”

“அதுக்குக் காகிதம் எதுக்கு? முடியாது.”

“செலவு ஏறிடுச்சுங்க...”

“ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். வாராவாரம் பேசியே ஆகணும். ரெண்டு நிமிஷம் போதும். கட்டில், குழாய், வாடகைக்கெல்லாம் பதிலை நான் எழுதி அனுப்பறேன்.”

“யாரு படிக்கறது?”

“என் எழுத்து அம்மாவுக்குப் புரியும். கூட்டிட்டு வந்துடு.”

விரிப்பின் ஓரத்தை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹோட்டல்காரன் பார்த்தால் கத்துவான், கத்தட்டும்.

“அப்போ போன்ல என்னத்தப் பேசறது?”

“உருப்படாததா எதையாவது.”

இன்னும் ஒரு நிமிடம்தான் என்று எச்சரிக்கை மணி அடித்தது. நம்பர் போட்டே பேசிப் பழகிய வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

“சொல்லு, மீட்டர் ஓடுது.”

“எங்க சூப்பர்வைசர் இன்னிக்குத் தன் சட்டையைத் தானே தேய்க்கறேன்னு கருக்கிட்டாரு.”

“நல்லா வேணும்.”

“முதுகுல பெட்டி அச்சு அப்படியே விழுந்திருக்கு. அவருக்கே தெரியாது. அதைப் போட்டுக்கிட்டு எல்லாரையும் ‘ஒழுங்கா தேயுங்க’ன்னு விரட்டிக்கிட்டுத் திரியறாரு!”

அவன் வெடித்துச் சிரித்தான். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! பாதியில் லைன் கட் ஆனது.

மீதியை அவள் சிரித்து முடித்தாள்.