போ என்று சொல்லக் கூடாத வீடு

வேலிப் பொத்தல் வழியாகப் பூனை நுழைந்து வந்தபோது அதன் வெள்ளை முதுகில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது அப்பியிருந்தது. லோகநாயகி பார்த்ததும் துடைப்பத்தை எடுத்தாள். அடுத்த வீட்டுச் சம்பந்தத்துக்கு உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டு எட்டு நாளாகிறது. அவன் மேல் பூசிய விழுது அது. இந்தச் சனியன் அவன் பக்கத்தில் படுத்துப் புரண்டுவிட்டு, பசித்ததும் சொந்த வீடு ஞாபகம் வந்து திரும்பியிருக்கிறது.

உள்ளே தூளியில் பிறந்து ஒன்பது நாளான ஆண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை லட்சுமியின் குழந்தை. தாயில்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவம் நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று சொல்லித்தான் அக்கரை ஆரம்பாக்கத்திலிருந்து தங்கையைப் படகில் ஏற்றிவந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தன் மடியில் ஒன்றும் தங்காதவளுக்கு ஒரு பச்சைக் குழந்தையைக் கையில் தூக்க வேண்டும் என்று இருந்ததும் உண்மைதான். அதை அவள் மறைக்கவுமில்லை. சிறுவயதிலேயே ஆத்தா வந்து முகமெல்லாம் தழும்பாக்கிவிட்டுப் போனதால் அவளுக்கு இனி பயமில்லை. லட்சுமிக்கு இதுவரை வந்ததில்லை. குழந்தைக்கு வந்தால் என்று நினைக்கவே லோகநாயகிக்குப் பிடிக்கவில்லை.

பூனையைக் கொண்டுவந்தது அவள் புருஷன் கோதண்டம். கோட்டையிலிருந்து துணிமூட்டைகளை ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் அவனுக்கு வேலை. எலிகள் மீன்வலையைக் கடித்துக் குதறுகின்றன என்று புலம்பியதைக் கேட்டு, கப்பல் சமையல்காரன் ஒரு குட்டியைக் கொடுத்தான். கோட்டைக்குப்பம் முழுவதும் தனக்கே சாசனம் எழுதிக் கொடுத்ததுபோல் நடந்ததால் அதற்குக் கப்பல் தலைவனை அழைப்பதுபோல் கப்பித்தான் என்று பேர்.

ஊரில் நோய் வந்த நாளிலிருந்து மனிதர்கள் எல்லோரும் அடங்கிக் கிடந்தார்கள். கப்பித்தான் மட்டும் அடங்கவில்லை. வலைக்கயிற்றில் கட்டினால் கடித்து அறுத்தது. மீன்கூடையில் போட்டுக் கவிழ்த்தால் அது போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டு நீலம் பாரித்தது. சம்பந்தம் படுத்த மறுநாளே லோகநாயகி வேலியோரம் நின்று அவன் பெண்சாதியைக் கூப்பிட்டாள்.

"கஸ்தூரியக்கா, பூனைய உள்ள வுடாத. வந்தா தொரத்தி வுடு."

"இன்னா லோகநாயகி, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசற?" என்று கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தா வந்துகிற வூடு இது. போன்னு ஒரு வார்த்த சொல்லலாமா? பூனையச் சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். முத்துப் போட்ட வீட்டில் காக்கையைக்கூடப் போ என்று சொல்லக் கூடாது. ஆத்தா தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு, போகும்போது ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கஸ்தூரி அதோடு நிற்காமல், பூனையாக வந்ததே ஆத்தாளோ என்னவோ என்று பூனைக்குப் பாலும் வைத்தாள்.

வேறு வழியில்லாமல் கோதண்டம் அதைச் சாக்கில் கட்டி ஆரம்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்தான். இரண்டாம் நாள் லட்சுமி புருஷனின் அண்ணன் பெருமாள், பூனையின் கிழிந்த காதை வைத்து அடையாளம் கண்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு படகேறி வந்துவிட்டார். "கொயந்தயப் பாக்கலாம்னு கிளம்பனேன். உங்க பூன அங்க அநாதையா சுத்திகினு இருந்திச்சி" என்று வாசலில் நின்று சிரித்தார். ஏரியைக் கடந்து வந்த மனிதரைக் குழந்தையிடம் விடாமல் திருப்பி அனுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் போனதும் நேராகப் போய் வேப்பங்கொத்து ஒடித்துவந்து தன் வாசலில் கட்டினாள். இனி ஒரு சொந்தமும் எட்டிப் பார்க்காது.

"வராத ஆத்தாவ வந்துட்டான்னு சொல்லலாமாக்கா?" என்று லட்சுமி கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. கட்டிகிறேன், அவ்ளோதான்."

கட்டியதற்கும் வட்டி இருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டில் மீன் வாசனை வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பால் ஊறட்டும் என்று கோதண்டம் தேடிக் கொண்டுவந்த பால்சுறாவை அடுப்பில் ஏற்ற முடியாமல் யாருக்கோ கொடுத்தார்கள். பிள்ளைபெற்றவள் கூழைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். லோகநாயகிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இப்போது முதுகில் விழுதோடு கப்பித்தான் அவள் காலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனது. அவள் துடைப்பத்தை ஓங்கினாள். வாயைத் திறந்தாள்.

"அக்கா," என்றாள் லட்சுமி உள்ளேயிருந்து. "வேப்பல கட்டிகிது."

ஓங்கிய கை நின்றது. பொய்க்குக் கட்டியது என்று அவளுக்குத் தெரியும். ஆத்தாளுக்குத் தெரியுமா? ஒன்பது நாள் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் சோதித்துப் பார்ப்பது? பூனை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தூளிக்கு அடியில் உட்கார்ந்தது. தொங்கிய சேலை நுனி ஆடுவதைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியது.

"வா," என்றாள் லோகநாயகி. அந்தக் கோபத்திலும் குரல் தேனாக வந்தது. "வாடா கப்பித்தான், வாடா ராசா."

பின்னோக்கி நடந்து வலைக் கொட்டகைக்குப் போய், கூரை இறவாணத்தில் செருகியிருந்த கருவாட்டை எடுத்துக் காட்டினாள். பூனை ஓடி வந்தது. வாரி எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏரியில் இறங்கி, சின்னப் படகில் அதைப் போட்டுத் தானும் ஏறிக் கழியை ஊன்றினாள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நங்கூரக் கல்லைப் போட்டாள். அப்போதுதான் தன்னைப் பார்த்தாள். கை, சேலை, இடுப்பு எல்லாம் மஞ்சள் விழுது.

லட்சுமி வாசலுக்கு வந்து நின்றாள். "எங்கக்கா போற? கொயந்த எய்ந்துட்டான். வந்து தூக்கு."

"நான் வரல."

"இன்னாக்கா?"

"மேலெல்லாம் வெழுது, இத கரையில வுட்டா திரும்பவும் அங்கதான் ஓடும். சம்பந்தத்துக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி முடியற வரிக்கும் வரல. மாமா வந்தா கஞ்சியும் மாத்துச்சேலையும் கரையில வெக்கச் சொல்லு. நீ உள்ள…" அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கையை மட்டும் அசைத்தாள். லட்சுமி புரிந்துகொண்டு உள்ளே திரும்பினாள். குழந்தை அழும் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. அடிவயிற்றிலிருந்து அழுதான். தோளில் போட்டு முதுகைத் தட்டினால் அடங்கிவிடுவான். லட்சுமிக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை.

கப்பித்தான் கருவாட்டைத் தின்று முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டது. இங்கே கூரையில்லை, வேப்பிலை இல்லை.

"போ," என்றாள்.

பூனை நிமிர்ந்து பார்த்தது.

"போ. போய்த் தொல. போ." இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் தீரும்வரை சொன்னாள்.

கப்பித்தான் படகின் விளிம்புவரை போய்ச் சுற்றிலும் இருந்த தண்ணீரைப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து, அவள் மடியில் ஏறி, குழந்தைக்கென்று அவள் வைத்திருந்த இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.