முதுமை – 4

படங்கள் முகத்தில் காகிதம் ஒட்டித்தான் காட்சிக்கூடத்துக்கு வரும். சட்டத்தைச் சுவரில் மாட்டி, மட்டம் பார்த்து, விளக்கைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் காகிதத்தைக் கிழிப்போம். தூசியும் கைரேகையும் படக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதனால் எங்களுக்கு எல்லாப் படமும் ஒன்றுதான். எடை, உயரம், பின்பக்கம் எழுதிய எண். மற்றது வாங்குகிறவன் பாடு.

அப்படித்தான் என் அப்பாவை நானே சுவரில் மாட்டினேன்.

ஓவியக் கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பிறகு ஒரு கிடங்கில் இரவு வேலை. அதுவும் போன பிறகு படம் மாட்டும் குழுவில் பகல் கூலிக்குச் சேர்ந்தேன். குழு என்றால் நானும் தலைமை ஆளும்தான். எதைப் பார்த்தாலும் கோணல் என்று சொல்வதால் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தன் கல்யாண போட்டோவில் பெண்டாட்டியின் தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று இன்றுவரை புலம்புகிறவர். அதற்கு அந்த அம்மாள், "தலையெழுத்து கோணலா இருந்தா தலை எப்படிங்க நேரா இருக்கும்?" என்று ஒருமுறை என் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

அன்று பெரிய கூடத்தில் அதுதான் கடைசிப் படம். ஆள் உயரத்துக்கும் மேல். பின்பக்கம் 'முதுமை – 4' என்று எழுதியிருந்தது. ஆர்ட்டிஸ்ட் நடுக்கூடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று எங்களை ஏவிக்கொண்டிருந்தார். அவரைப் புகைப்படக்காரர் என்று சொன்னால் முகம் சுருங்கும். ஆர்ட்டிஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பினேன்.

"இன்னும் கீழ," என்றார். "நெஞ்சு வேணாம். வயித்துக்கும் கீழ. ஆங், அங்கதான். அந்த எடம் பளிச்னு தெரியணும்."

"காகிதத்துல வயிறு எங்க சார் இருக்கு?" என்றார் ரசமட்டம்.

"அது எனக்குத் தெரியும். நீங்க திருப்புங்க."

திருப்பி இறுக்கினேன். இறங்கி வந்து காகிதத்தை மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ஆஸ்பத்திரிக் குளியலறை. இரும்பு நாற்காலி. அதில் ஒட்டுத்துணி இல்லாமல் அப்பா. வாய் பிளந்து கிடக்கிறது. முட்டிகள் இரண்டும் அகன்று கிடக்கின்றன. ரப்பர் உறை போட்ட ஒரு கை அவர் அக்குளில் நுழைந்து, நழுவும் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்திருக்கிறது. தொடையில் வழிந்திருந்தது தண்ணீர் அல்ல. நான் இறக்கிய விளக்கு சரியாக அங்கே விழுந்தது.

வீட்டுக் கதவை யாராவது தட்டினால் சட்டை போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டிய பிறகுதான் அப்பா "யாரு?" என்றே கேட்பார். எவ்வளவு வெக்கையிலும் நான் அவர் முதுகைப் பார்த்ததில்லை.

"நேரா இருக்கா?" என்றார் ரசமட்டம், சட்டத்தின் மேல் விளிம்பைப் பார்த்தபடி.

"அண்ணே, இது எங்கப்பா."

"எது?"

"படத்துல இருக்கறது."

அவர் முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஆர்ட்டிஸ்ட் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கப்பாவா? நிஜமாவா? என்ன முகம் தெரியுமா அது! எத்தனையோ பேரை எடுத்தேன், ஒருத்தருக்கும் அந்த வாய் அமையல."

அவர் கை ஈரமாக, மெத்தென்று இருந்தது. என் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"கழட்டணும் சார்."

"எதுக்கு?" என்றார். நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கூடத்தை நடத்தும் மேடம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்க வீட்டுக்கென்று சிலர் தனியாக ஒரு குரல் வைத்திருப்பார்கள், அந்தக் குரல்.

"ஆஸ்பத்திரி முறையா அனுமதி குடுத்திருக்காங்க. நாளைக்குத் திறப்பு வேற. உங்க வலி புரியுது. அந்த வலியைத்தான் இந்தப் படம் பேசுது."

"அது பேசல மேடம். அதுல இருக்கறவருக்கு அப்ப பேச்சே நின்னுபோச்சு."

"பாருங்க, எவ்வளவு அழகாச் சொல்றீங்க," என்றார் மேடம்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சாவதற்கு முன் படுத்திருந்த வார்டுக்குக் கேமராவோடு யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ஆமா. மரியாதையான பிள்ளை. ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தான். இங்க கட்டில் பத்தல, படம் போட்டாத்தான் மேல இருக்கறவங்க கண்ணு திறக்கும்னான். எடுத்துக்கோப்பான்னேன்."

"குளிப்பாட்டறப்பவா?"

"சீ, என்ன பேச்சு! கட்டில்லதான். நான் அவருக்குத் தலை சீவி, காலரை எல்லாம் சரி பண்ணி விட்டேன். ஏன்டா?"

சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, ஆனால் போதுமான அளவு சொன்னேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் மருந்து வாங்கப் போனப்ப எடுத்திருப்பான்," என்றாள். பிறகு, "எவ்வளவு பெருசு?"

"ஆளை விடப் பெருசு."

"வெளிச்சம் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்கு."

எழுந்துபோய் அலமாரியைக் குடைந்து, பூப்போட்ட போர்வை ஒன்றை எடுத்துப் பைக்குள் திணித்தாள். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் மாலை கூடம் நிரம்பியிருந்தது. இந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும். கையில் கண்ணாடிக் கோப்பை, மறு கையில் பல்குச்சியில் குத்திய பாலாடைக்கட்டி. அப்பாவின் தொடைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று ஒருவன் மென்றுகொண்டிருந்தான். "தோலைப் பாரேன், என்ன டெக்ஸ்சர்," என்றான் பக்கத்தில் இருந்தவளிடம். அவன் கடைவாயில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. படத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் கிடந்த பெஞ்சை என்னை இழுக்கச் சொல்லி, என் தோளைப் பிடித்து ஏறி, போர்வையைப் பிரித்து, சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் செருகினாள். போர்வை தரைவரை தொங்கியது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தியபடி ஆர்ட்டிஸ்ட் வந்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. "இது இப்படியே இருக்கட்டும். இப்படியேதான் இருக்கணும்."

அம்மா அவர் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இருப்பா," என்றாள். மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் படத்துக்கு முன்னால் வரிசை நின்றது. முதலில் ஒரு பெண் இரண்டு விரலால் போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள், எட்டிப் பார்த்தாள், விட்டாள். அடுத்தவன் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் மனைவி குனிந்து போனில் படம் எடுத்தாள். அதுவரை அந்தப் படத்தைத் தாண்டிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். மூடியிருந்தால்தானே பார்க்கத் தோன்றும்!

"தூக்காதீங்கம்மா," என்றாள் அம்மா. வரிசையில் இருந்தவள் அன்பாகச் சிரித்து, தலையாட்டி, தூக்கினாள்.

அம்மா மேடத்திடம் போனாள். "தூக்க வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அது எங்க கையில இல்லம்மா. பார்க்கறதா வேணாமாங்கறது அவங்கவங்க சுதந்திரம். அதுதான் இப்ப இதோட அழகே. கீழ அட்டையில உங்க பேரையும் போடறோம்."

"பேரெல்லாம் எதுக்கு? தூக்காம இருந்தாப் போதும்."

மேடம் அதற்கும் சிரித்தார். அம்மா என்னிடம் திரும்பினாள். "கழட்டுடா."

சட்டங்கள் சுவரோடு பூட்டப்பட்டிருக்கும். சாவி ரசமட்டத்திடம். அவர் ஒரு மூலையில் பழச்சாறு வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, இவங்களை விட்டா எனக்கு வேற கூடம் கிடையாது. குடும்பஸ்தன்டா நான். என்னை இழுக்காதே."

"சரிண்ணே."

அந்த நேரம் ஒருவன் கையைக்கூடப் பயன்படுத்தாமல், பாலாடைக்கட்டி தின்ற பல்குச்சியாலேயே போர்வையைத் தூக்கினான். ரசமட்டம் அதைப் பார்த்தார். சாவியை மேசையில் வைத்தார், அதன்மேல் தம்ளரை வைத்தார். "வயிறு சரியில்ல. கக்கூசுக்குப் போறேன்," என்று எனக்கல்லாமல் சுவருக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

பூட்டைத் திறந்தேன். அந்த அளவுச் சட்டத்தைத் தனி ஆள் இறக்க முடியாது. நான் சுற்றிப் பார்ப்பதற்குள் அம்மா வந்து கால்பக்கம் பிடித்துவிட்டாள். நான் தலைப்பக்கம். போர்வை சரியாமல் இருக்க அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. தடுக்க வேண்டிய காவலாளி, நிகழ்ச்சியில் இதுவும் உண்டு என்று நினைத்து, கதவை அகலத் திறந்து பிடித்தார். எல்லாக் கையிலும் போன். யாரோ ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அப்பாவை மயானத்துக்குக் கொண்டுபோனபோது வந்ததைவிடப் பெரிய கூட்டம்.

சாமான் அறையில் படத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தோம். அம்மா போர்வையை உருவி மடித்தாள். அவள் மூச்சு வாங்குவது அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. வேலை போயிற்று, போலீஸ் வந்தாலும் வரட்டும் என்று நின்றேன்.

மேடமும் ஆர்ட்டிஸ்டும் ஓடி வந்தார்கள். இரண்டு முகமும் ஜொலித்தன.

"அம்மா, நீங்க இன்னைக்குப் பண்ணினது..." மேடம் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இது இங்கயே இருக்கட்டும்," என்றார் ஆர்ட்டிஸ்ட். "மொத்தம் அஞ்சு பிரதி போட்டோம். ஒண்ணு வித்தாச்சு. மிச்சத்துல ஒண்ணைக் காலைல அதே எடத்துல மாட்டிடலாம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவின் தோளைத் தொட்டேன்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வர முடியுமாம்மா?" என்றார் மேடம். "கண்காட்சி முடியற வரைக்கும். வண்டி அனுப்பறோம். இதே போர்வை, இதே மாதிரி மெதுவா..."

"வாம்மா போலாம்," என்றேன்.

அம்மா நகரவில்லை. ஆர்ட்டிஸ்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கு மாட்டறதுலயும் அவர் துணியில்லாமத்தான் இருப்பாரா?"

அவர் மேடத்தைப் பார்த்தார். "எல்லாம் ஒரே படம்தானேம்மா."

"அப்ப வரேன்," என்றாள் அம்மா. "வண்டி வேணாம்."