ஒரு தட்டு, இரண்டு தட்டு

ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகைக் கழற்றியதும், என்ஜினைக் குளிர்விக்கும் பழைய கூலன்ட் பிளாஸ்டிக் தொட்டியில் விழத் தொடங்கியது. ஊற்றியபோது பச்சையாக இருந்தது. இப்போது புளித்தண்ணீரின் நிறம். அது சொட்டுச் சொட்டாகி நிற்கும்வரை மாடசாமி குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியைத் தூக்கி மதில்மேல் வைத்தார். அதற்கு ஓர் இனிப்பு வாசனை உண்டு. கீழே வைத்தால் பிளாக்கில் திரியும் நாய்கள் நக்கிவிடும்; விஷம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று; மாதக் கடைசிக்குள் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான்கள் லாரியில் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டன. மிச்சம் ஒரு பாய், ஒரு ஸ்டவ், இந்த வெள்ளைக் கார். போன வாரம் வடலூர் போய்த் திரும்பும்போது கொதித்து ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து சென்னையில் இருக்கும் மகள் அகிலா தினமும் போனில் ஒரே பேச்சு.

“இந்த வண்டியையா ஊர் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போகப் போறீங்க? வித்துட்டு ரயில்ல போங்கப்பா.”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கூலன்டை மாற்றிப் பார்ப்பது. அப்படியும் சூடானால் நாளைக் காலை வரும் புரோக்கர் வேலுமணியிடம் சாவியைக் கொடுத்துவிடுவது. சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, அந்த ‘சரி’ வெறும் வீட்டில் அவரோடு கூடவே நடமாடிக்கொண்டிருந்தது.

மனைவி நாகம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் கூலன்ட் மாற்றும் நாளில் மட்டும் அவள்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். புதிதாக ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஒருவர் ஆக்ஸிலேட்டரை அமுக்க வேண்டும். இன்னொருவர் ரேடியேட்டர் வாயில் காற்று குமிழ்குமிழாக வெளியேறுவதைப் பார்த்து மேலும் ஊற்ற வேண்டும்.

மாடசாமி வேலை பார்த்தது மின்நிலையத்தின் பம்ப் ஹவுஸில். அங்கே பேச்சு காதில் விழாது. வால்வில் நிற்பவனுக்கு ஸ்பேனரால் குழாயில் தட்டித்தான் தகவல் போகும். ஒரு தட்டு என்றால் திற. இரண்டு தட்டு என்றால் மூடு. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். பானெட்டில் ஒரு தட்டு, அவள் அமுக்குவாள். இரண்டு தட்டு, விட்டுவிடுவாள். வாசலில் வேப்பமரத்துக் காக்கையைத் தவிர வேறு சத்தம் இல்லாதபோதும் தட்டினார்.

“வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு?” என்று ஒருமுறை கேட்டாள். “கதவுக் கொண்டியத் தட்டுத மாதிரி தட்டுதிய.”

அதற்கும் அவர் பானெட்டில் ஒரு தட்டுத்தான் தட்டினார். போன ஐப்பசியில் அவள் இறந்துபோனாள்.

தோட்டத்துக் குழாயில் ஹோஸைச் செருகி ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பினார். வேலிக்கு அப்பால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சிங்காரவேல் எட்டிப் பார்த்தார். டவுன்ஷிப் பஸ் ஓட்டுபவர், பக்கத்து ஊர்க்காரர்.

“என்னா சார், வண்டிக்குப் பேதிக்குக் குடுத்துக்கினு இருக்கீங்களா?”

“ம்.”

“ஒண்டியா செய்யிறீங்களே. வரட்டுங்களா?”

“வேண்டாம். முடிஞ்சிரும்.”

“பக்கத்து வூட்டுல இத்தினி வருஷமா இருக்கேன். உங்க வாயிலேருந்து ‘வேண்டாம்’ மட்டும்தாங்க வருது,” என்று சிரித்துக்கொண்டே சிங்காரவேல் கீரையோடு உள்ளே போனார்.

அந்த இருக்கையில் வேறொருவர் உட்காருவதை மாடசாமியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு வடித்தார். மறுபடியும் அப்படியே செய்தார். இரண்டாம் முறையே தெளிந்த தண்ணீர் வந்தது. முன்பெல்லாம் இவ்வளவு சீக்கிரம் தெளியாது. தனியாகவும் செய்ய முடிகிறது என்று ஒரு சிறிய திருப்தி. திருகை முடுக்கி, உப்பில்லாத பேட்டரித் தண்ணீரில் கூலன்டைக் கலந்து ஊற்றினார். துணி சுற்றிய செங்கல் ஒன்றை ஆக்ஸிலேட்டரின்மேல் வைத்தார்.

சில குமிழிகள் வந்தன. அப்புறம் எதுவும் வரவில்லை. புதுப் பச்சை இருந்த இடத்திலேயே நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. செங்கல்லைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

பிறகு அந்த இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் மின்நிலையத்தின் ஓயாத இரைச்சல். இங்கே இருக்கும்வரை அது காதில் விழுவதே இல்லை, போகப்போகிறவனுக்குத்தான் கேட்கிறது. வேலுமணிக்கு இப்போதே போன் செய்துவிடலாமா என்று தோன்றியது. கண் எங்கெங்கோ போய், டேஷ்போர்டின் நடுவில் இருந்த குமிழில் நின்றது. ஹீட்டர் குமிழ். மூடிய நிலையில், நீலப்பக்கக் கடைசியில் இருந்தது.

நெய்வேலியில் காருக்குள் ஹீட்டர் போடுகிறவன் யார்? வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. ஆனால் அது மூடியிருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுருளுக்குள் தண்ணீர் போகாது. பழையதும் காற்றும் அங்கேயே தங்கிவிடும். முதல்முறை அவளிடம் அதைத் திறந்துவைக்கச் சொல்லியிருந்தார். அப்புறம் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்ததும் திருப்பியிருக்கிறாள். முடிந்ததும் பழையபடி நீலத்தில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள்.

“உங்க வண்டி குளுரதுக்கு என்னைய வேக வைக்கிய,” என்று முந்தானையால் கழுத்தைத் துடைப்பாள். வெயிலைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தார்.

என்ஜின் ஆறும்வரை அசையாமல் இருந்தார். பிறகு குமிழைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு வேலியருகே போய் நின்றார். 

“சிங்காரவேல், கொஞ்சம் வர்றீங்களா?”

கையில் காபி டம்ளரோடு வந்தவர் இருக்கையில் உட்கார்ந்தார். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஹீட்டர் விசிறியைப் போடச் சொன்னார் மாடசாமி.

“என்னா சார் இது, அடுப்புக்குள்ள குந்த வச்சிட்டீங்க. கத்திரி வெயிலு பத்தலையா?” சிங்காரவேல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். “அம்மா இதுலதான் குந்திக்கினு இருப்பாங்களா? எங்க ஜன்னல்லேருந்து பாத்திருக்கோம். எங்க வூட்டுல சொல்லும், சாரு அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டப் பழக்குறாரு, ஆனா வண்டிதான் நவுரவே மாட்டேங்குதுன்னு.”

மாடசாமி சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு இருமலாக முடிந்தது.

ரேடியேட்டர் வாயில் புதுப் பச்சை மெல்லக் கலங்கியது. மறுபடி ஆறவிட்டு வடித்தபோது சுருளுக்குள் இருந்த பழைய தண்ணீரும் அதோடு வந்தது. நாகம்மாள் இருக்கையில் உட்கார்ந்திருக்க, அவர் கடைசியாக ஊற்றியது. தொட்டியை மதிலுக்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

திரும்ப அலசியபின், கேனில் மிச்சமிருந்ததைக் கலந்து ஊற்றினார். இந்த முறை குமிழிகள் கொத்துக்கொத்தாக வந்து உடைந்தன. மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். கடைசிக் குமிழியும் உடைந்தது. பழக்கத்தில் கை பானெட்டை இரண்டு முறை தட்டியது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

சிங்காரவேல் தலையை வெளியே நீட்டினார். “என்னா சார் தட்டுறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“போதும்,” என்றார் மாடசாமி. “விட்டுடுங்க.”

சாயங்காலம் தனியாக வடலூர்வரை ஓட்டிப் போனார். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. ஹீட்டரை இப்போது அணைத்துவிடலாம். அணைக்கவில்லை. கண்ணாடிகளையும் இறக்கவில்லை. சூடான காற்று முகத்தில் அடிக்க, வடலூரில் வண்டியை ஓரமாக நிறுத்தி வேலுமணிக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னார். அப்படியே திரும்பி வந்தார்.

வேலியருகே சிங்காரவேல் நின்றிருந்தார். “சூடாச்சுங்களா சார்?”

மாடசாமி இறங்கினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“வண்டி சூடாகல,” என்றார்.