ஞாயிற்றுக்கிழமை வறட்சி

அந்த வீட்டுக் கூடத்தில் நான்கு மாதமாக ஒரு நாற்றம் குடியிருந்தது. வெயில் படாமல், மின்விசிறியின் தயவில் காய்ந்த ஈரத்துணியின் நாற்றம். கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வந்து ‘வாங்க’ என்று கூப்பிடும். வீட்டுக்காரி பிறகுதான் வருவாள்.

வீட்டுக்காரிக்குத் தொழிலே துணிதான். பக்கத்துத் தெருப் பல் மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகள் இருபத்திரண்டையும் வாரா வாரம் வெந்நீரில் வேகவைத்து, துவைத்து, தேய்த்துக் கொடுப்பாள். ஒன்பது வருடமாக ஒரு சொல் கேட்டதில்லை. இப்போது கோட்டுகள் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. சாப்பாட்டுத் தட்டோடு குனிந்து போக வேண்டும்; நடுவழியில் நிமிர்ந்தால் ஏதாவது ஓர் ஈரக்கை கன்னத்தில் அறையும்.

தலைக்கு மேலே மொட்டை மாடியில் வெயில் சும்மா கொட்டிக் கிடந்தது. ஆனால் அது இப்போது மொட்டை மாடி இல்லை. வானிலை ஆய்வு மையம். மையத்தின் தலைவர், ஆய்வாளர், செய்தித் தொடர்பாளர் மூவரும் அவள் கணவர். துப்புரவு மட்டும் அவளுக்கு.

முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகத்தின் எழுதுபொருள் அறையைக் கட்டிக் காத்தவர் அவர். ஒரு பென்சிலுக்கு மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டவர். ஓய்வு பெற்றதும் கை அரித்தது; எதையாவது பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இணையத்தில் தள்ளுபடியில் ஒரு வயர்லெஸ் வானிலைக் கருவி வாங்கினார். கூடத்து மேசையில் வைக்க ஒரு திரை, வெளியே மாட்ட உள்ளங்கையளவில் ஒரு வெள்ளை சென்சார். வெளியே இருப்பது வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து அனுப்பும். உள்ளே இருப்பது வாங்கிக் காட்டும். கையேட்டில் ‘பேட்டரி’ என்ற பக்கத்தைப் பாமரர்களுக்கானது என்று தள்ளிவிட்டு, நேரே ‘அளவீட்டின் துல்லியம்’ என்ற பக்கத்துக்குப் போனார். மாடி நடுவில் கம்பம் நட்டு, சாய்வுப் பலகைகள் வைத்த வெள்ளைக் கூண்டு செய்து, சென்சாரை அதற்குள் குடியேற்றினார். கீழே வந்து பொத்தானை அமுக்கினார். மூன்றே நிமிடத்தில் திரையில் எண் வந்துவிட்டது.

“பாத்தியா, எனக்குப் படிஞ்சிடுச்சு,” என்றார், நாய்க்குட்டி வாங்கினவர் மாதிரி.

அன்றைக்கே மாடியிலிருந்த ஆறு கொடிக்கயிறுகளையும் அறுத்தார். பத்தடிக்குள் ஈரத்துணி இருந்தால் ஈரப்பதம் தப்பாகக் காட்டும் என்று கையேடு சொல்கிறதாம்.

“அப்ப என் துணியை எங்கங்க காயப்போடறது?”

“வீட்டுக்குள்ள போடு. அறிவியலுக்காக உயிரையே குடுத்தவங்க இருக்காங்க. நீ கயிறைக் குடு, போதும்.”

பிறகு கண்டுபிடிப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு வாரம் முழுக்க விடியற்காலை நாலரைக்கு ஈரப்பதம் அறுபதிலிருந்து எண்பத்தெட்டுக்குத் தாவும். அரை மணியில் இறங்கிவிடும். அடுத்த வாரம் அதே தாவல் மத்தியானம் ஒன்றேகாலுக்கு. அதற்கடுத்த வாரம் மறுபடி விடியற்காலை. இதற்கு ‘வார ஊசல்’ என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாவலே இல்லை. தொழிற்சாலைகளுக்கு விடுமுறை என்பதால் காற்று வறண்டுவிடுகிறது என்று முடிவு கட்டி, ‘ஞாயிற்றுக்கிழமை வறட்சி’ என்று தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். இரண்டாம் மாதம் நாலு நாள் சேர்ந்தாற்போல் தாவல் வராதபோது, தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி எச்சரிக்கை விட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்று டிரம் நிரப்பி வைத்துக்கொண்டார். வானிலைத் துறைக்குப் பதினோரு பக்கக் கடிதம் போனது. பதில் வரவில்லை.

“ஆடிப் போயிருப்பாங்க,” என்றார்.

தெரு அவருக்கு ‘ஈரப்பதம்’ என்று பெயர் வைத்தது. அவர் காதுபடச் சொல்லும்போது ‘சார்’ சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வாரம் கோட்டுகள் திரும்பி வந்தன. மருத்துவமனை வரவேற்பறைப் பெண் பையை ஒரு விரலால் தள்ளினாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. டாக்டர் இதைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சா பேஷன்ட் வாயை மூடிக்கிறாங்க. திங்கக்கிழமையும் இப்படியே வந்தா வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டாரு.”

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு நாள் மாடியில் கயிறு கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை மையத்தோட திறப்பு விழா. சங்கமே வருது. அந்த இடத்துல கோட்டா? நீ போய் அந்தக் கூண்டைத் துடை. எச்சமா இருக்கு.” சொல்லிவிட்டுப் பெயர்ப்பலகைக்காரரைப் பார்க்கக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு மாடி ஏறினாள். கூண்டின் தலையில் புறா எச்சம் விரற்கடைக் கனத்துக்கு இறுகியிருந்தது. கதவைத் திறந்ததும் இரண்டு கரப்பான்கள் அவள் மணிக்கட்டில் ஓடி இறங்கின. உள்ளே மூலைக்கு மூலை கரப்பான் முட்டைப்பை, பல்லிப் புழுக்கை, பாதி தின்ற ஓர் ஈசல். மூக்கைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். குஞ்சுகள் சென்சாருக்குள்ளேயும் போயிருக்குமோ என்று பின்மூடியின் திருகைக் கழற்றினாள்.

போகவில்லை. உள்ளே புத்தம் புது பேட்டரிகள். பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ‘பயன்படுத்தும் முன் இழுக்கவும்’ என்று அதில் எழுதியிருந்தது.

யாரும் இழுக்கவில்லை. நான்கு மாதமாக இது உயிரில்லாமல் கிடக்கிறது. அப்படியென்றால் கீழே திரையில் ஓடுவது எதன் எண்?

சென்சார் டப்பாவைக் கீழே கொண்டுவந்து, கோட்டுகள் கொதிக்கும் அண்டாவின் ஆவிக்குள்ளேயே பிடித்தாள். திரை அறுபதிலேயே நின்றது. அசையவில்லை. டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றேகால் ஆயிற்று. திரை தானாக ஏறத் தொடங்கியது. அறுபத்து நாலு. எழுபத்தொன்று. எண்பத்து மூன்று.

ஒரு முழச் சந்துக்கு அப்பால், அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவரில் வாளியை மக் இடிக்கும் சத்தம். தொடர்ந்து, அடித்தொண்டையிலிருந்து காறி இழுக்கும் சத்தம். அடுத்த வீட்டுக்காரர் பஸ் டிரைவர், தனியாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மாலை ஷிப்ட்.

அவள் மெதுவாகத் திரும்பி மேசையைப் பார்த்தாள். கணவர் திரையைப் பார்த்துப் பார்த்து எழுதிய நாலு நோட்டுகள், அட்டை போட்டு, எண் போட்டு. நாலு மாதக் குளியல். ஒரு ஆம்பிளை எப்போது நனைந்தான், எப்போது துவட்டினான் என்று நிமிடவாரியாக. அந்த நோட்டுகளைத் தினமும் தூசி தட்டி அடுக்கியவள் அவள். போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ரெண்டு தடவை.

பிறகு சந்துப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். “அண்ணே, உங்க வீட்ல வானிலை மெஷின் ஏதாவது இருக்கா?”

இடுப்பில் துண்டோடு டிரைவர் தலையை நீட்டினார். “இருந்துச்சு தங்கச்சி. சார் வெச்சிருக்காரே, அதே மாடல், அதே தள்ளுபடியில வாங்கினேன். திரை உடைஞ்சே வந்துச்சு, தூக்கிப் போட்டேன். வெள்ளை டப்பா மட்டும் பாத்ரூம்ல தொங்குது.”

“அங்க எதுக்கு?”

“அங்கதான் ஆணி இருந்துச்சு. நாக்கை இழுன்னு போட்டிருந்தான், இழுத்தேன். அப்புறம் மறந்துட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை குளிக்க மாட்டீங்களாண்ணே?”

டிரைவர் திடுக்கிட்டார். “லீவு நாள்தானே. யாருக்குத் தெரியப் போகுதுன்னு...”

“தெருவுக்கே தெரியும். நடுவுல நாலு நாள் குளிக்காததும் தெரியும்.”

“அது காய்ச்சல் தங்கச்சி.”

அவர் குளியலறை டப்பா அனுப்புவதைத்தான் தன் வீட்டுத் திரை வாங்கிக் காட்டுகிறது என்று விஷயத்தைச் சொன்னாள். துண்டு அவிழும் அளவுக்குச் சிரித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சார்கிட்ட சொல்லப் போறியா?”

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். “சொன்னா நாக்கை இழுத்துடுவாரு. மெஷின் நிஜமாவே வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அப்புறம் என் கயிறு ஜென்மத்துக்கும் வராது. அண்ணே, நாளைக்கு ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் குளிக்காம இருக்க முடியுமா?”

“அது என்ன பெரிய கஷ்டம்?”

நாக்கை அப்படியே உள்ளே மடித்துவிட்டு மூடியைப் போட்டாள். திருகை ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கி, டப்பாவைத் திரும்பக் கூண்டுக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கம்பத்திலிருந்து நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி இருபத்திரண்டு கோட்டையும் போட்டாள். பிழியாத ஒன்றைக் கூண்டின் மேலேயே போர்த்தினாள். பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த கணவர் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“உனக்கென்ன பைத்தியமா? நாலு மாச உழைப்பு. எல்லாம் தொண்ணூறுக்குப் போயிருக்கும்.”

“போயிருக்கான்னு பாத்துட்டு வந்து திட்டுங்க.”

கீழே போனார். ஐம்பத்தொன்பது. மேலே வந்து ஒரு கோட்டின் கையைப் பிழிந்து பார்த்தார். செருப்பில் தண்ணீர் கொட்டியது. கீழே போனார். ஐம்பத்தொன்பது. முழங்கால் வலிக்க ஏழு தடவை ஏறி இறங்கினார். ஏழாவது தடவை கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்று யோசித்தார். கோட்டு அவர் வழுக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏறிச்சாங்க?”

“ஏறலை.”

“அப்ப கையேடு தப்பா, நம்ம மெஷின் தப்பா?”

மெஷின் தப்பு என்றால் நாலு நோட்டும் தப்பு, ஊசலும் தப்பு, பெயர்ப்பலகையும் தப்பு. அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“கையேடு எழுதினவன் நம்ம மாடியைப் பாத்திருக்க மாட்டான். இது புதுக் கண்டுபிடிப்பு. கயிறு இருக்கட்டும். ஒரு கோட்டையும் எடுக்காதே, நாளைக்குச் சங்கத்துக்குக் காட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை கோட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு விழா நடந்தது. காய்ந்திருந்தவற்றை நனைத்துப் போடச் சொன்னார்; அவள் ரெண்டை மட்டும் நனைத்தாள், வேண்டாத பழையவை. திரையை மாடிக்கே தூக்கி வந்து எல்லாருக்கும் காட்டினார். ஐம்பத்தேழு. ஈரத்துணியால் ஈரப்பதம் மாறாது என்று நிறுவினார். அடுத்து ஞாயிற்றுக்கிழமை வறட்சியை விளக்கினார். செயலாளர் எழுந்து, நம் தெருவின் காற்றையே கையில் பிடித்தவர் என்று புகழ்ந்தார். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் பஸ் டிரைவர் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. அங்கே முதலில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு இடம் மாறியிருந்தார்கள். அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை வறட்சியை நேரில் ஆராய்ந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அவள் ஓரமாக நின்று கோட்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் கழுத்துப்பட்டையில் மூக்கைப் புதைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெயிலைத் தவிர ஒன்றுமே இல்லை.

“இந்தா, பத்திரமா உள்ள வை,” என்று கணவர் நாலாம் நோட்டை நீட்டினார். “நாளைக்கு வரலாறு.”

கொடியிலிருந்து ஒரு கிளிப்பை உருவி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, நோட்டின் ஒரு முனையைக் கவ்வி, கோட்டுகளின் மேல் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.