பெரியப்பா கண் மூடினார்

வானிலை அலுவலகத்தில் புயலுக்கு எப்போதும் இரண்டு பெயர். ஒன்று மேலிடத்தில் வைப்பது. சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இன்னொன்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது. இந்தத் தடவை பெயர் வைக்கும் முறை வாயாடிக்கு வந்தது. வாயாடி என்பதும் பட்டப்பெயர்தான். வீட்டிலும் ஆபீசிலும் அவளுக்கு அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது.

"பெரியப்பா," என்றாள் அவள், யோசிக்கக்கூட இல்லை.

நடுக்கடலில் நகராமல் உட்கார்ந்துகொண்டு, போகிறதா வருகிறதா என்று யாருக்கும் பிடிகொடுக்காமல், உள்ளுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் காலையில் திடுதிப்பென்று எழுந்து குதித்த அந்தப் புயல், அச்சு அசல் அவள் அப்பாவின் அண்ணன்தான். பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. "பெரியப்பா கிளம்பிட்டார்", "பெரியப்பாவுக்குக் கோபம் ஏறுது" என்று தலைமை அதிகாரி முதற்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவரே சொல்கிறார் என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்!

வாயாடியின் வேலை, புயலின் பலத்தைக் கணித்துக்கொண்டே இருப்பது. வானத்திலிருந்து வரும் படத்தில் புயலுக்கு நடுவே வட்டமாக ஓர் ஓட்டை தெரியும். அதுதான் அதன் கண். கண் பளிச்சென்று திறந்திருந்தால் புயல் முழு பலத்தோடு இருக்கிறது. மேகம் வந்து மூடிக்கொண்டால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அப்பாடா என்று உடனே காலை நீட்டிவிடவும் முடியாது. சில புயல்கள் பழைய கண்ணை மூடிவிட்டு, அதைச் சுற்றி இன்னும் அகலமாகப் புதுக்கண் ஒன்றைக் கட்டிக்கொண்டு திறக்கும். அப்புறம் கேட்கவே வேண்டாம்.

அன்று காலையில் கண் பளிச்சென்றுதான் இருந்தது. வந்துகொண்டிருந்த திசை வாயாடியின் அப்பா இருக்கும் கடற்கரைத் தெரு. அம்மா போனதிலிருந்து அவர் அங்கே தனிக்காட்டு ராஜா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காற்றைப் பற்றித் தனக்குத் தெரியாதது காற்றுக்கே தெரியாது என்று நினைப்பு.

"அப்பா, தெருவே காலியாயிடுச்சு. நீங்க மட்டும் என்ன பண்றீங்க?"

"ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சாச்சு. இப்பதான் காபி போட்டேன்."

"காபி குடிக்கிற நேரமாப்பா இது? கிளம்புங்க!"

"போன தடவையும் இப்படித்தான் கத்தினே. உன் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூட பெஞ்சுல படுத்து இடுப்பு புடிச்சதுதான் மிச்சம். உன் புயல் வந்து ஒரு கொடித்துணியைக்கூட ஈரமாக்கல. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

அது உண்மை. போன வருஷத்துப் புயல் கரைக்கு வரும்போதே புஸ்ஸென்று போய்விட்டது. அதற்கு வாயாடி என்ன செய்வாள்? அவளா ஊதி அணைத்தாள்?

"முகாம் வேண்டாம்னா பெரியப்பா வீட்டுக்காவது போங்க. மேட்டுல இருக்கு, கல்லுக் கட்டடம்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே! நான் அவன் வாசப்படியை மிதிக்கறதுக்குப் பதிலா கடல் வந்து என் வாசப்படியை மிதிக்கட்டும்!"

போனை வைத்துவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். அப்பா வீடு கட்டி முடித்த அன்று வந்து பார்த்த பெரியப்பா, பத்துப் பேர் முன்னால், "உப்புக் காத்துல வீடு கட்டறவனுக்கு மூளையும் துருப்பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்த வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினால், அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே! அப்பா உயிரை விடுவாரே தவிர அதை விடமாட்டார்.

அடுத்து அத்தை கூப்பிட்டாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. அத்தை காதில் ஒரு சேதி விழுந்தால், அது கீழே விழுவதற்குள் நாலு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஏண்டி, சின்னண்ணன் கிளம்பிச்சா இல்லையா?"

"அதை ஏன் அத்தை கேக்கறீங்க..." என்று வாயாடி ஆரம்பித்தாள். அப்போது திரையில் புதுப்படம் வந்தது. புயலின் நடுவே இருந்த ஓட்டையைக் காணோம். வெள்ளை வெளேரென்று மேகம் மூடிக் கிடந்தது. அவள் போனை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த அறையில் இருந்த அதிகாரிக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"சார்! பெரியப்பா கண் மூடிட்டார்!"

"நல்லாப் பார்த்தியாம்மா?"

"நல்லாப் பார்த்தேன் சார்! முழுசா மூடிட்டார்!"

போனிலிருந்து ஓர் அலறல் கேட்டது. எடுத்துப் பார்ப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. காற்றில் எங்கேயோ கம்பி அறுந்திருக்கும் என்று வாயாடி நினைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அப்போது மூச்சுவிடக்கூட நேரமில்லை. புயல் தளர்ந்துவிட்டது என்று உடனே அறிவிக்கலாமா என்று ஒருவர் கேட்க, அதிகாரி ஓடி வந்து, "வாயைத் தொறக்காதீங்க! இது தூக்கமா நடிப்பான்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லலாம்," என்று அதட்டினார்.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அப்பா போன் செய்தார். பின்னால் வண்டி இரைச்சல். அவர் குரல் அவர் குரலாகவே இல்லை.

"உங்க பெரியப்பா போயிட்டாராமேடி..."

வாயாடிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கேப்பா போயிட்டார்?"

"எங்கேன்னு கேக்கறியே! அத்தை சொன்னாளே. நீதான் கண் மூடிட்டார்னு ஆபீசுல லீவுக்குச் சொல்லிக்கிட்டிருந்தியாமே. பக்கத்துத் தெரு வேன்காரர் கடைசி நடை அடிச்சுக்கிட்டிருந்தார், கையக் காட்டி ஏறிட்டேன். செருப்புகூடப் போடல." மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒரே அண்ணன்டி அவர். என்ன சொல்லிட்டார் பெருசா? நாலு வார்த்தை. அண்ணன் சொல்லாம வேற யார் சொல்லுவா? ஒருநாள் போய்ப் பார்த்தேனா? பாவி, ஒருநாள் போய்ப் பார்த்தேனா?"

அட கடவுளே! கண் மூடினது புயல்ப்பா, உங்க அண்ணன் இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"தொறக்குது! தொறக்குது!" என்று ராடார் பார்க்கிறவர் கூவினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மூடிய மேகம் கலைந்து நடுவே கறுப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. காலையில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு அகலம். கடலில் மிதக்கும் கருவி அனுப்பும் காற்றழுத்தம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் இறங்க இறங்கப் புயலுக்குப் பலம் ஏறுகிறது என்று பொருள். நடிப்பேதான்.

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அப்பாவை அவளுக்குத் தெரியாதா? "அப்படியா சங்கதி, வேனைத் திருப்புய்யா," என்பார். திரும்பி அந்தக் கடற்கரை வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கிற அண்ணனுக்காக வழியெல்லாம் அழுதுகொண்டே போவார். பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. போன் வைத்தால் கண்டவனும் பேசுவான் என்று அதை வாங்காமலே இருப்பவர் அவர்.

பிறந்ததிலிருந்து வாயை மூடாதவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பிசகினாலும் ஊர் கவிழ்ந்துவிடும் என்று பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள். அந்தப் புத்தியையெல்லாம் திரட்டி ஒரு வாக்கியம் கட்டினாள்.

"ஆமாப்பா. பெரியப்பா கண் மூடினது உண்மைதான். நானே பார்த்தேன். நீங்க எங்கேயும் நிக்காம நேரா அங்கே போங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்த வயதில், இந்த அழுகையில் நெஞ்சு வலித்துத் தொலைத்தால்? அழ வைத்துப் பிழைக்க வைக்கிறாளா, பிழைக்க வைக்கிறேன் என்று கொன்றுவிடப் போகிறாளா? ராடார்காரர் அவள் கண்களைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பெரியப்பா செத்துட்டார்."

"எந்தப் பெரியப்பா?"

"ரெண்டு பேரும் சாகல சார்!" என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மனிதர் குழம்பிப்போய்த் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

அழுதுகொண்டேதான் அறிக்கையை எழுதினாள். புயல் மீண்டும் வலுப்பெற்றுள்ளது, இன்று பிற்பகல் முழு வேகத்தில் கரையைக் கடக்கும். அதிகாரி படித்துப் பார்த்து ஓர் எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினார். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆட ஆரம்பித்தபோது அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெரியப்பா.

"ஏ வாயாடி! என்ன சொல்லி அனுப்பினே உங்கப்பனை? வாசல்ல வந்து விழுந்து ஐயோ அண்ணேன்னு அழறான். கதவைத் தொறந்து யாருடா செத்ததுன்னு கேட்டேன். நீங்கதான்ங்கறான்!"

"பெரியப்பா, அது வந்து..."

"என்ன வந்து போயி? கட்டிப்புடிச்சவன் விடமாட்டேங்கறான். எனக்கு மூச்சு முட்டுது. நிஜமாவே போயிடப்போறேன், இந்தா பேசு!"

அப்பா வாங்கினார். வாயாடி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். புயலுக்கு அவள் வைத்த பெயர், மூடின கண், அத்தை, தான் கட்டின வாக்கியம், எல்லாம்.

"அப்பா? திட்டுங்கப்பா. என்ன வேணா திட்டுங்க."

"திட்டணும்னுதான்டி வாயைத் தொறந்தேன். உன்னையும், அவரையும். வரமாட்டேங்குது. இருந்த கோபத்தையெல்லாம் வேன்லயே அழுது தீர்த்துட்டேன் போல. வந்து பார்த்தா மனுஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கறார்." அப்புறம், "வீடு நிக்குமா?" என்றார்.

போன தடவை பொய்த்ததைச் சொல்லி நம்பாமல் போய்விடுவாரோ என்று இப்போது பயமில்லை. இருந்தும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நிக்காதுப்பா. கண் நேரா நம்ம தெரு வழியாத்தான் வருது."

போனில் காற்று இரைந்தது. அதையும் மீறிப் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் கணீரென்று கேட்டது: "சேத்துக் காலோட அப்படியே நடு வீட்டுல நிக்கறியேடா, அறிவிருக்கா உனக்கு? போய்க் கழுவிட்டு வா! துண்டு எங்கே, துண்டு!"

"திட்ட ஆரம்பிச்சுட்டாராப்பா?"

"வந்ததுலேர்ந்து திட்டிக்கிட்டேதான் இருக்கார்," என்றார் அப்பா. குரல் மறுபடியும் உடைந்தது. "திட்டட்டும்டி. செத்துப்போனவர் திட்டறதைக் கேக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வச்சிருக்கு? வை போனை, நான் போய்க் காலைக் கழுவணும்."