கடைசி இலக்கம்

பெல்ஜியத்திலிருந்து வாங்கிவந்த தன் புறாவைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்கே பொறாமை என்று கெரார்ட் நம்பினார். எங்கள் புறாப் பந்தய மன்றத்தின் தலைவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலை, மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் மன்ற அறையில், முந்தின நாள் பந்தயத்தின் பட்டியல் பாதியில் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஓர் எரர். என்னைப் போனில் கூப்பிட்டபோது அவர் குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. நான் போய் உட்கார்ந்த பிறகும் அது குறையவில்லை.

"உன் புரோகிராம் தாங்கல ரீட்டா. அப்பேர்ப்பட்ட புறா."

"புறா பெருசில்ல தலைவரே. அது கால்ல மாட்டியிருக்கற நம்பர் பெருசு."

உண்மை அவ்வளவுதான். அயல்நாட்டு வளைய எண்ணில் எழுத்துகள் கூடுதல். எங்கள் டேட்டாபேஸ் டேபிளில் அதற்கு ஒதுக்கிய இடம் குறைவு. இது உள்ளே போகாது என்று எஸ்.க்யூ.எல். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. இடத்தை அகலமாக்கினேன், காபி ஆறுவதற்குள் பட்டியல் ஓடியது. வாரம் முழுக்க மருத்துவமனைப் புரோகிராம்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. சம்பளமில்லாத இந்த மன்ற வேலையை நான் விடாமல் வைத்திருப்பது, என் தம்பி எர்வினும் இங்கே புறா விடுகிறான் என்பதற்காகத்தான்.

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம். ஓரிடத்தில் நீளம் இடித்தால், அதே எண் வேறு எந்தெந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் சோறு இறங்காது. பார்த்தேன். வந்திறங்கும் புறாவின் வளையத்தைக் கூண்டு வாசலில் இருக்கும் தட்டு படித்து அனுப்பும். அந்த எண்ணை வாங்கி, இது யாருடைய புறா என்று தேடுகிற வரி ஒன்று புரோகிராமில் உண்டு. அந்த வரிக்குள் எண்ணை எடுத்துப்போகிற பாராமீட்டரின் நீளம் பழைய நீளமாகவே இருந்தது. இந்த வசந்தத்தில் புறாப் பந்தயக் கூட்டமைப்பு எல்லா எண்களின் முன்னாலும் ஓர் எழுத்தைச் சேர்த்ததே, அதற்கு முந்தைய நீளம்.

டேபிளில் இடம் போதாவிட்டால் அது கத்தும், பிடித்துவிடலாம். பாராமீட்டர் கத்தாது. மிஞ்சியதை வெட்டி எறிந்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல வேலையைத் தொடரும். சத்தமில்லாத எரரைப் போல என்னைப் பயமுறுத்துவது உலகத்தில் வேறொன்றும் இல்லை. வெட்டுப்பட்டது கடைசி இலக்கம். மிச்சத்தை வைத்து, 'இப்படித் தொடங்கும் வளையங்களில் முதலாவது எதுவோ அதைக் கொடு' என்று எழுதியிருந்தார்கள், எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டவர்கள். ஒரே வளையத்துக்கு இரண்டு நேரங்கள் வந்தால் முந்தின நேரம் நிற்கும், மற்றது போய்விடும்.

சோதித்துப் பார்க்க எனக்கு மனப்பாடமாக இருந்த எண்ணைத் தட்டினேன். எர்வினின் புறா, கடைசி நாலு இலக்கம் 4732. திரையில் வந்தது 4731.

மறுபடி தட்டினேன். மறுபடியும் 4731.

அந்த இரண்டும் ஒரே கூட்டில் பொரித்த அண்ணன் தம்பிகள். இரண்டும் நீலச் சாம்பல் நிறம். காலைத் திருப்பி வளையத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எர்வின் டிராம் ஓட்டுகிறவன். புறாக்கள் வந்திறங்குகிற சனிக்கிழமை மதியங்களில் அவன் தண்டவாளத்தில் இருப்பான், எது முதலில் வந்தது என்று அவனுக்குப் பட்டியல்தான் சொல்ல வேண்டும். இந்தக் கோடையில் அவன் பிறந்ததிலிருந்து நடக்காதது நடந்தது. 4731 மாவட்டத்திலேயே மூன்றாவது. அதன் படத்தை டிராமின் ஓட்டுநர் அறையில் ஒட்டி வைத்திருக்கிறான், பயணிகளிடமெல்லாம் காட்டுகிறான். 4732 பட்டியலில் ஒருமுறைகூட வரவில்லை. இரவில் போய்ப் பார்த்தால் கூண்டில் இருக்கும். பட்டியல் மூடிய பிறகு ஆடி அசைந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

எங்கள் பக்கத்தில் ஆடி அசைந்து வரும் புறாவுக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். அதிலும் எர்வினின் மாமனார் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். ஆபரேஷன் உடம்புக்குப் புறா சூப்பை விட்டால் வேறு மருந்து உண்டா? இன்று மதியம் சேமியா போட்டு 4732 என்று எர்வின் முடிவு செய்திருந்தான்.

பாராமீட்டரின் நீளத்தைச் சரிசெய்து, இந்தப் பருவத்தின் எல்லாப் பந்தயங்களையும் மறுபடி ஓட்டினேன். 4732. 4732. 4732. மாவட்டத்தில் மூன்றாவது வந்ததும் 4732. அண்ணன்காரன் எந்தப் பட்டியலிலும் இல்லை. தோளுக்குப் பின்னால் கெரார்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ இந்தப் பருவத்துல நான் வாங்கின கோப்பை?"

"அது உங்க இன்னொரு புறாவோடது தலைவரே. இன்னும் சமைக்காம வச்சிருக்கீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை. ஓடிக்கொண்டே எர்வினுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மணிச் சத்தத்தில் புறாக்கள் மிரளும் என்று கூண்டுக்குப் போனை எடுத்துப்போக மாட்டான், மடையன். அவன் மனைவி ட்ரூடா மாதா கோயில் பூசையில் பாட்டுக் குழுவில் நின்றிருப்பாள். கோயில் மணி அடித்தது. செங்கல் குடியிருப்புகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு ஓடுகிற என்னைப் பார்த்து ஜன்னலில் சாய்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்: "எங்கடி தீப்பிடிச்சிருக்கு?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசு குதிக்கிறது. கால் போதவில்லை.

முற்றத்துக் கொட்டகையின் மேல்தான் கூண்டு. ஏணியில் ஏறித் தலையை நீட்டினேன். எர்வின் உட்கார்ந்திருந்தான். இடது கையில் புறா. வலது கைக் கட்டைவிரல் அதன் கழுத்தில்.

"விடுடா அத. விடு."

"என்னக்கா ஆச்சு? யாருக்கு என்ன?"

"அதுதான்டா. மாவட்டத்துல மூணாவது அதுதான். எல்லாமே அதுதான். எண்ணு வெட்டுப்பட்டு அண்ணன் பேர்ல ஏறிடுச்சு."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். ஆனால் கட்டைவிரல் மெல்ல விலகியது. புறா ஒரே உதறலில் மேல் மூலைக்குப் போய்விட்டது. எர்வின் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான், சின்ன வயதில் பந்து கிடைத்தால் சிரிப்பதுபோல, வாய் நிறைய.

"மழையில வந்தானே அன்னிக்கு, அது இவனா? மத்த புறாவெல்லாம் செக் நாட்டுப் பக்கம் போய்த் தொலைஞ்ச அன்னிக்கு?"

"இவன்தான்."

"அக்கா, நான் இவன ஒரு தடவகூட கையில கடல வச்சு கூப்பிட்டதில்ல."

கீழே கதவு திறந்தது. ட்ரூடா பூசையிலிருந்து வந்துவிட்டாள். அடுப்பில் பானை வைக்கும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அவள் குரலும்.

"அண்ணி, நீங்களுமா மேல? தண்ணி கொதிக்கப் போகுது. ஞாயித்துக்கிழம, கடையெல்லாம் மூடிட்டான். சூப்புல எதப் போட? அப்பா கேக்கறார்."

எர்வின் சட்டைப் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேல் மூலைக்கு நீட்டினான். வழக்கப்படி 4731 வந்து தோளில் உட்கார்ந்து, அங்கிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, தனக்கு என்றே நினைத்துக் கொத்தத் தொடங்கியது. அவன் அதை விரட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மேலே 4732 இறகெல்லாம் சிலிர்த்து, சுவரோடு ஒட்டி நின்றது. அந்தக் கை அதனிடம் வந்தது இன்றைக்குத்தான், வந்தது எதற்கு என்றும் அதற்குத் தெரியும்.

"எர்வின், தண்ணி கொதிக்குது" என்றாள் ட்ரூடா.

அவன் கடைசிக் கடலையை மட்டும் அண்ணனுக்குக் கிடைக்காமல் விரல்களுக்குள் மூடிக்கொண்டான். பிறகு அந்தக் கையை மூலைக்கு அருகே, முடிந்தவரை உயரத் தூக்கி, மெல்ல விரித்து, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.