எண்ணிச் சொல்பவர்

மிருகக்காட்சி சாலையின் சிங்கக் கூண்டில் இருவருக்கு வேலை. ஒருவர் எண்ணிச் சொல்வார். மற்றவர் உள்ளே போய்க் கழுவுவார். எண்ணிச் சொல்பவர் என் மனைவியின் அண்ணன். ஒன்பது வருடமாக உள்ளே போகிறவன் நான்.

காலையில் திறந்தவெளியில் இருக்கும் நான்கு சிங்கங்களையும் இறைச்சி காட்டி உள்ளறைகளுக்குக் கூப்பிட வேண்டும். இடைக்கதவை இறக்கிப் பூட்டிய பிறகு, மச்சான் அறைகளுக்கு முன்னால் நீளும் மங்கலான நடைவழியில் ஒருமுறை போய்வருவார். வெளிக்கதவருகே துடைப்பத்தோடு நிற்கும் என்னிடம் "நாலு" என்பார். நான் திறந்துகொண்டு போவேன். சரியாக எண்ணினீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்தவரிடம் அதை எப்படிக் கேட்பது?

அன்றும் அப்படித்தான். "நாலு. சீக்கிரம் வாங்க மாப்ளே, டீ ஆறிடும்."

தண்ணீர்த் தொட்டியைக் கழுவி முடித்துத் திரும்பினேன். பாறைக்குப் பின்னால் அத்தை படுத்திருந்தது. எதற்கும் கடைசியாக வந்து எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும் கிழட்டுப் பெண் சிங்கம் அது. அதனால் அந்தப் பெயர். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வால்நுனி ஒருமுறை அசைந்தது. முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்தேன். கதவுவரை பதினெட்டு அடி. அது கொட்டாவி விட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. நான் கதவைப் பூட்டினேன். பூட்டுவதற்கு நேரம் பிடித்தது.

"மச்சான், அத்தை வெளியில இருக்காங்க."

"இல்லையே. நாலு பேரும் தின்னாங்க. கேட்டேனே."

கேட்டேன் என்றார். பார்த்தேன் என்று சொல்லவில்லை.

நடைக்குள் போனோம். கடைசி அறை காலி. அதற்கும் மூன்றாம் அறைக்கும் நடுவிலிருந்த தடுப்பு திறந்து கிடந்தது. மூன்றாம் அறையின் இளைய பெண் சிங்கம், தன் பங்கையும் தின்றுவிட்டு, அத்தையின் அறைக்குப் போய் அந்தப் பங்கையும் தின்றிருந்தது.

"எலும்பு கடிக்கிற சத்தத்தை வச்சா எண்ணுறீங்க?"

"இருட்டுல வேற எப்படி?"

"எனக்கு அவ்வளவு இருட்டா தெரியலையே."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். சிங்கம் கம்பியை நக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா மச்சான்?"

"போன மழைக்கு முன்னாலேர்ந்து." என் பக்கம் திரும்பாமலே, "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

"அவளை விடுங்க. ஆபீஸ் நோட்டுல இன்னிக்கு என்ன எழுதுறது?"

எழுதினால் இன்றோடு அவரைச் சிங்கங்களிடமிருந்து எடுத்துவிடுவார்கள். எழுதாவிட்டால் நாளை காலை அவர் சொல்லை நம்பி நான் கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் அவருக்குத் தெரியும். டீ ஆறிப்போயிருக்கும்.

"குடுங்க. நானே எழுதுறேன்."

நோட்டை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"எந்தக் கட்டம்?"

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். எழுதினார். இரண்டாவது வரி முதல் வரியின் மேலேயே ஏறியது.

"படிக்க முடியுதா?"

"முடியுது."

"பொய் சொல்லாதீங்க. கீழே நீங்க ஒருதரம் எழுதுங்க, கையெழுத்து போடுறேன்."

எழுதினேன். போட்டார்.

"மான்கிட்ட அனுப்புவாங்க," என்றார். "அங்க தப்பா எண்ணினா மானுக்கு ஒண்ணும் கோபம் வராது."

அலுவலகத்துக்கு நோட்டைக் கொண்டுபோவதற்கு முன் அத்தையை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் புது இறைச்சித் துண்டு ஒன்றைக் காட்டிக் கூப்பிட்டார். நான் கூப்பிட்டால் வந்திருக்காது. முனகிக்கொண்டே வந்து கடைசி அறையில் படுத்தது. தடுப்பையும் இடைக்கதவையும் நான் பூட்டினேன். நடையில் போய் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து எண்ணினேன்.

பாதிக் கூண்டு இன்னும் கழுவாமல் கிடந்தது. எண்ணியவன் உள்ளே போகக்கூடாது என்பது விதி. மச்சான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கதவருகே போய் நின்றார்.

"எத்தனை மாப்ளே?"

திரும்பி நடைக்குள் இன்னொருமுறை எண்ணப் போனேன்.